மூணுல ஒரு பங்கு நாம போட்டா பார்க் யாரோடது?

நமக்கு நாமேன்னு சொன்னா நிறைய பேருக்கு 2015-ல நடந்த அரசியல் சுற்றுப்பயணம்தான் ஞாபகம் வருது. நான் சொல்றது அது இல்ல. அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1997-98-ல, கலைஞர் முதல்வரா இருந்தப்ப இதே பேர்ல ஒரு அரசுத் திட்டம் வந்துச்சு. ஊருக்குப் பொதுவான ஒரு வேலைக்கு ஜனங்க ஒரு பங்கு பணம் போட்டா மீதியை அரசு போடும், அவ்வளவுதான் விஷயம். நடுவுல 2011-12-ல இருந்து தன்னிறைவுத் திட்டம்னு பேர் மாறி நடந்துச்சு, 2021-ல ஆட்சி மாறினதும் மறுபடி பழைய பேரே வந்துருச்சு, அந்த வருஷம் கிராமப் பகுதிக்கு 100 கோடி, நகரப் பகுதிக்கு 300 கோடின்னு ஒதுக்கினாங்க. பேர் மாறினாலும் ஆட்சி மாறினாலும் அடிப்படை அப்படியே நிக்குது, அதனால இதை எந்தக் கட்சித் திட்டமாவும் பார்க்காம படிங்க, எனக்குக் கட்சி விஷயம் பேச வேண்டிய தேவை இல்ல.

கணக்கு இப்படி. எஸ்டிமேட் 9 லட்சம்னா அதுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு, அதாவது 3 லட்சம், பொதுமக்கள் பங்கு. மீதி 6 லட்சம் அரசுப் பணம். ஒரு தெருக்காரங்க சேர்ந்தும் போடலாம், ஒரே ஆள் தன் அப்பா அம்மா ஞாபகார்த்தமாவும் போடலாம், கம்பெனியும் போடலாம். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, அங்கன்வாடி, நூலகம், பார்க், விளையாட்டு மைதானம், தெருவிளக்கு, குளம் தூர்வார்றது, சுடுகாட்டுக்குச் சுத்துச்சுவர், இந்த மாதிரி பொதுவுக்கு ஆகுற வேலை எல்லாம் பண்ணலாம். கோயில், சர்ச், பள்ளிவாசல் மாதிரி வழிபாட்டு இடங்களுக்குக் கிடையாது, தனியார் ஆதாயத்துக்கும் கிடையாது. இன்னொண்ணு, ஜனங்க பங்கு பாதியோ அதுக்கு மேலயோ இருந்தா வேலையை நாமளே எடுத்துச் செய்யலாம், இல்ல நாம சொல்ற ஆளை வச்சுச் செய்யலாம். பாதிக்குக் கீழன்னா டெண்டர்தான்.

எங்க லேஅவுட்ல இது நடந்துச்சு. கொங்குப் பக்கம் ஒரு நகராட்சி, பேர் வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேல ஆன லேஅவுட், நடுவுல ஒரு ரிசர்வ் சைட். லேஅவுட் போடும்போதே பொது உபயோகத்துக்குன்னு எழுதிக் கொடுத்த இடம், ஆனா அங்க இருந்தது சீமைக்கருவேலமும் கட்டடம் இடிச்ச மண்ணும்தான். ஒரு பக்கம் ஒருத்தர் கார் ஷெட் போட்டுட்டார், இன்னொரு பக்கம் மாடு கட்டிட்டாங்க, இன்னும் பத்து வருஷம் விட்டிருந்தா அந்த இடமே காணாமப் போயிருக்கும். ரிசர்வ் சைட் வெச்சிருக்கற எல்லா லேஅவுட்காரங்களுக்கும் இது தெரியும், சும்மா கெடக்கற பொது இடம் ரொம்ப நாளைக்குச் சும்மா கெடக்காது. எங்க நலச்சங்கத்துல ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா இருக்காங்க, அவங்கதான் இந்தத் திட்டத்தைப் பத்தி விசாரிச்சுட்டு வந்து மீட்டிங்ல பேசினாங்க, சுத்தி கம்பிவேலி, நடைபாதை, நாலு லைட்டு, குழந்தைங்களுக்கு ஊஞ்சல் சறுக்கு, இவ்வளவுதான் கேட்டோம்.

எஸ்டிமேட் 12 லட்சம் வந்துச்சு. எங்க பங்கு 4 லட்சம். பணம் வசூல் பண்றதைப் பத்தி மட்டும் தனியா ஒரு போஸ்ட் எழுதலாம், காலி மனை வெச்சிருக்கறவங்க கிட்ட வாங்கறதா வேண்டாமா, வாடகைக்கு இருக்கறவங்க தரணுமா வீட்டு ஓனர் தரணுமான்னு ஏகப்பட்ட பஞ்சாயத்து. ஆனா சேர்ந்துருச்சு. வெளிநாட்டுல இருக்கற பசங்க ரெண்டு மூணு பேர் பெரிய தொகை அனுப்பினாங்க, அதுல பாதி சுமை குறைஞ்சுது.

பாதி போட்டு நாமளே செஞ்சுக்கலாமான்னும் பேசினோம். 6 லட்சம் போட்டா காண்ட்ராக்டர் நம்ம கைல, தரமும் நம்ம கைலன்னு ஒரு கூட்டம், எதுக்கு கூட 2 லட்சம், நகராட்சி டெண்டர் விட்டா மேற்பார்வை அவங்க பொறுப்புன்னு ஒரு கூட்டம். கடைசியில மூணுல ஒரு பங்கோட நிறுத்திட்டோம். இது நல்ல முடிவான்னு கேட்டா, எங்க விஷயத்துல ஆமா, ஏன்னா சங்கத்துல சைட்ல நின்னு பார்க்கத் தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க, எஸ்டிமேட் காப்பியை ஆர்டிஐ போட்டு வாங்கி வச்சிருந்தோம், எத்தனை இஞ்ச் ஜல்லி எத்தனை இஞ்ச் காங்கிரீட்டுன்னு பார்த்துப் பார்த்துக் கேட்டோம். வேலை நடக்கற அன்னிக்கு அளந்து எம்-புக்ல, அதாவது அளவுப் பதிவுப் புத்தகத்துல, எழுதறப்ப பக்கத்துல நம்ம ஆள் ஒருத்தர் நிக்கணும், அதுதான் முக்கியம், வேலை முடிஞ்சு மண்ணு மூடினதுக்கு அப்புறம் உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது.

சரி, பார்க் வந்துருச்சு. நல்லாவே வந்துச்சு. உண்மையில எழுத வந்த விஷயம் இங்கதான் ஆரம்பிக்குது.

திறந்து ஒரு மாசம் ஆகல, சங்க மீட்டிங்ல ஒரு பேச்சு வந்துச்சு. கேட்டுக்குப் பூட்டு போடணும், சாவி சங்கத்துக்கிட்ட இருக்கணும், இந்த லேஅவுட் குடியிருப்போருக்கு மட்டும்னு போர்டு வைக்கணும். காரணம் என்னன்னா, எங்க லேஅவுட்டுக்குப் பின்னாடி லைன் வீடுங்க இருக்கு, வரிசையா ஒத்தை ரூம் வீடு, பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் கட்டட வேலைக்கும் போறவங்க. சாயங்காலம் ஆனா அந்தக் குழந்தைங்க ஊஞ்சலாட வந்துருவாங்க. "நாம காசு போட்டுக் கட்டினதுங்க, அவிங்க வந்து ஆடிட்டு நம்ம கொழந்தைங்க நின்னு பாத்துட்டு இருக்கோணுமா"ன்னு ஒருத்தர் கேட்டார். கெட்ட மனுஷன் இல்ல அவர், வசூலுக்கு வீடு வீடா நடந்தவர், தான் அலைஞ்சு உருவாக்கினது மேல இருக்கற உரிமைல பேசறார். அதனாலதான் இது பேச வேண்டிய விஷயம்னு நினைக்கறேன்.

நாம போட்டது மூணுல ஒண்ணு. மீதி ரெண்டு பங்கு எங்கிருந்து வந்துச்சு? அரசுப் பணம்னா ஆகாசத்துல இருந்து விழல. அந்த லைன் வீட்டு அக்கா மளிகைக் கடையில பிஸ்கட் பாக்கெட் வாங்கினா அதுல ஜிஎஸ்டி இருக்கு, அவங்க வீட்டுக்காரர் டிவிஎஸ் வண்டிக்குப் பெட்ரோல் போட்டா அதுல வாட் இருக்கு. இடமே ரிசர்வ் சைட், நகராட்சியோடது, நம்மது இல்ல. பொது இடத்துல பொதுப் பணம் எட்டு லட்சம் போட்டு நம்ம பணம் நாலு லட்சம் போட்டுட்டு, பொதுஜனம் உள்ள வராதேன்னு எப்படிச் சொல்ல முடியும். இந்த மாதிரி பங்குப் பணத் திட்டம் எல்லாத்துலயும் இருக்கற ஆபத்து இது, கொஞ்சம் பணம் போடறவன் முழுசும் தன்னோடதுன்னு நினைச்சுக்கறான். டீச்சரம்மா அன்னிக்கு எழுந்து நின்னு, "பூட்டு போட்டா நான் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துருங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. அதோட அந்தப் பேச்சு நின்னுச்சு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல கேட்டு சாத்தறது, விடிகாலை அஞ்சுக்குத் திறக்கறது, அது எல்லாருக்கும் பொதுன்னு முடிவாச்சு.

ஆனா எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி வேற. லைன் வீட்டுத் தெருவுல சாக்கடை கிடையாது. குளிச்ச தண்ணி பாத்திரம் கழுவின தண்ணி எல்லாம் நடுத்தெருவுல ஓடி எங்க லேஅவுட் மூலைல தேங்கும், மழைக்காலத்துல அங்க நிக்கவே முடியாது. பார்க் வேலை முடிஞ்சதைப் பார்த்துட்டு அங்கிருந்து ஒரு கொத்தனார் அண்ணன் வந்தார், இதே மாதிரி எங்களுக்கும் சாக்கடைக்கு எழுதித் தர முடியுமான்னு. நானும் டீச்சரம்மாவும் கூடப் போனோம். ஆபீஸ்ல சொன்னது, எஸ்டிமேட் போடறோம், மூணுல ஒரு பங்கு டிடி எடுத்துட்டு வாங்க. அது தோராயமா ரெண்டு லட்சத்துக்குப் பக்கம் வரும். வார சம்பளக்காரங்க, வீடு சொந்தமில்ல, ஓனர் யாரும் காசு தரத் தயாரில்ல. அண்ணன் அங்கேயே கேட்டார், "ஏனுங் சார், பணந்தான் இல்லீங்க. எங்க லைன்ல கொத்தனாரு நாலு பேரு, சித்தாளு பத்துப் பேரு, பிளம்பரு ரெண்டு பேரு இருக்கறமுங்க. ஞாயித்துக்கெழமை வேலை நாங்களே செஞ்சு தர்றமுங்க, அதைய பங்கா எழுதிக்கக் கூடாதுங்களா?" அதுக்கு அந்த ஆபீஸ்ல விதியில அப்படி இல்லைன்னு ஒரே வரில முடிச்சுட்டாங்க.

அந்தக் கேள்வி எனக்கு மண்டைக்குள்ள நின்னுருச்சு. எங்க லேஅவுட்ல யாருக்கும் கலவை போடத் தெரியாது, ஆனா எங்க பங்கு செல்லும். கலவை போடத் தெரிஞ்சவங்க பங்கு செல்லாது.

இதுல புதுசா கண்டுபிடிக்க ஒண்ணுமே இல்ல, நம்ம ஊர்லயே நடந்திருக்கு. குடிமராமத்து, அதாவது ஏரி குளத்தை அதைப் பயன்படுத்தற ஊர்க்காரங்களே சேர்ந்து சரிபண்ற பழைய முறை. 2017 மார்ச்ல காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில எடப்பாடி பழனிசாமி தொடங்கி வச்சப்ப, முதல் கட்டமா 100 கோடில 1,519 வேலைன்னு அறிவிச்சாங்க. அதுல ஆயக்கட்டு விவசாயிங்க, அதாவது அந்த ஏரித் தண்ணியில பாசனம் பண்றவங்க, பங்கு பத்து சதவீதம், அதை பணமாவோ பொருளாவோ உடல் உழைப்பாவோ தரலாம்னு விதி. ஏரிக்கு உழைப்பைப் பங்கா எழுதத் தெரிஞ்ச அரசாங்கத்துக்குத் தெருச் சாக்கடைக்கு எழுதத் தெரியாதா? அளவு எடுக்க முடியாதுன்னு சொல்வாங்க. கொத்தனாருக்கு நாள் கூலி எவ்வளவு, சித்தாளுக்கு எவ்வளவுன்னு பொதுப்பணித்துறை விலைப்பட்டியல்லயே இருக்கு, அதை வச்சுத்தான் அவங்க எஸ்டிமேட்டே போடறாங்க. அந்த எஸ்டிமேட்ல கூலி எவ்வளவோ அதை இவங்க பங்குல கழிச்சுக்கிட்டா முடிஞ்சுது.

வெளிநாட்டுலயும் இது பல வருஷமா ஓடுது. அமெரிக்காவுல சியாட்டில் நகராட்சி 1980-கள் கடைசியில ஒரு நிதி ஆரம்பிச்சாங்க, நெய்பர்ஹுட் மேட்சிங் ஃபண்ட்னு பேர், ஒரு பகுதி ஜனங்க போடற பங்குக்கு ஈடா நகராட்சி பணம் போடும். ஜிம் டையர்ஸ்னு ஒருத்தர் 1988-ல இருந்து 2002 வரைக்கும் அந்த நிதியை நடத்தற நகராட்சித் துறைக்கு இயக்குநரா இருந்தார், ஆரம்பத்துல ஒன்றரை லட்சம் டாலர்ல தொடங்கினது 2001 வாக்குல வருஷத்துக்கு 45 லட்சம் டாலர் வரைக்கும் வளர்ந்துச்சு. அங்க ஜனங்க பங்குன்னா பணம் மட்டும் இல்ல, இனாமா வந்த பொருளும் கணக்கு, ஒரு ஆர்க்கிடெக்ட் காசு வாங்காம வரைஞ்சு கொடுத்த பிளானும் கணக்கு, சனிக்கிழமை வந்து மண்வெட்டி பிடிச்சவங்க நேரமும் மணிக்கு இத்தனை டாலர்னு கணக்கு. பார்க்குங்க, பொதுத் தோட்டங்க எல்லாம் அப்படி வந்திருக்கு. ஃப்ரீமான்ட்னு ஒரு பகுதில அரோரா பாலத்துக்கு அடியில குப்பையும் போதைக்காரங்களுமா இருந்த இடத்துல 1990-ல ஒரு பெரிய பூதம் சிலை வச்சாங்க, 18 அடி உயரம், கைல நிஜமான ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார் ஒண்ணைப் பிடிச்சிட்டு இருக்கும், அதுக்கும் இந்த நிதியில இருந்து பணம் போயிருக்கு, இன்னிக்கு ஊருக்கு வர்றவங்க எல்லாம் அதைப் பார்க்காம போறதில்ல.

இப்ப இன்னொரு பக்கமும் சொல்லணும், ஏன்னா உழைப்பைப் பங்கா எழுதணும்னு நான் சொன்னதும் ஒரு நண்பர் கோபப்பட்டார். பணக்காரன் செக் கொடுத்துட்டு போயிருவான், ஏழை மட்டும் ஞாயித்துக்கிழமையும் முதுகு ஒடியணுமான்னு. அது நியாயமான கோபம்தான். குடிமராமத்து பத்தி நாம பெருமையாப் பேசறோம், ஆனா வெள்ளைக்காரன் 1858-ல மதராஸ் கட்டாய உழைப்புச் சட்டம்னே ஒண்ணு போட்டான், ஊர் மராமத்துக்கு வரலைன்னா தண்டனைன்னு. அந்த மாதிரி உழைப்புல மண்ணு சுமந்தது எந்தச் சாதிக்காரங்க, வரப்புல நின்னு பார்த்தது எந்தச் சாதிக்காரங்கன்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல. அதனால உழைப்பு கட்டாயமா இருக்கவே கூடாது. அவங்களா விரும்பி, பணத்துக்குப் பதிலா இதைத் தர்றோம்னு சொன்னா மறுக்கக் கூடாது, அவ்வளவுதான் நான் கேக்கறது.

அதோட, வசதி இல்லாத தெருவுக்குப் பங்கே குறைவா இருக்கணும். கிராமப்புற விதியில இது இருக்கு, ஆதிதிராவிடர் பழங்குடியினர் குடியிருப்புன்னா மூணுல ஒண்ணு இல்ல, அஞ்சுல ஒண்ணு போதும். நிறைய ஊராட்சியில இது ஜனங்களுக்குத் தெரியவே தெரியாது, தெரிஞ்சவங்க சொல்றதும் இல்ல. உங்க ஊர்ல அப்படி ஒரு குடியிருப்பு இருந்தா தயவுசெஞ்சு போய்ச் சொல்லுங்க. என் ஆசை என்னன்னா ஆறுல ஒண்ணு பத்துல ஒண்ணுன்னு தெருவோட வசதியைப் பார்த்து பங்கு மாறணும், வாடகைக்கு இருக்கறவங்க அதிகமா இருக்கற தெருவுக்குத் தனி விகிதம் வேணும். இல்லைன்னா என்ன ஆகும்னா, ஏற்கனவே ரோடு நல்லா இருக்கற தெருவுக்கு எல்இடி லைட்டும் சிசிடிவியும் வரும், சாக்கடை இல்லாத தெருவு அப்படியே கெடக்கும், அரசுப் பணம் போற திசையே பணம் இருக்கற பக்கமா திரும்பிரும். சாக்கடைங்கறது நகராட்சியோட அடிப்படைக் கடமை, அதுக்கு ஜனங்க கிட்ட பங்கு கேக்கறதே தப்புன்னு டீச்சரம்மா சொல்றாங்க. நானும் அதுக்கு ஒத்துக்கறேன். ஆனா வரிப்பணத்துல அது வர்ற வரைக்கும் அந்தக் குழந்தைங்க அந்தத் தண்ணியில நடந்துதான் ஸ்கூலுக்குப் போகணும், அதான் கிடைக்கற வழியில போகலாம்னு பார்க்கறேன்.

யாராவது உங்க தெருவுக்கு இதைச் செய்யணும்னு நினைச்சா சில விஷயம். முதல்ல இடம் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, ரிசர்வ் சைட்னா நகராட்சிக்கு தான செட்டில்மென்ட், அதாவது தானமா எழுதிக் கொடுத்த பத்திரம், ஆகியிருக்கணும், அது ஆகலைன்னா ஒரு அடி நகராது. மனுவை ஒரு ஆள் பேர்ல கொடுக்காதீங்க, சங்கம் பேர்லயோ நிறைய கையெழுத்தோடயோ கொடுங்க, கவுன்சிலருக்கு ஒரு காப்பி. எஸ்டிமேட் வர்றதுக்கு முன்னாடி வசூல் ஆரம்பிக்காதீங்க, தொகை மாறினா ரெண்டாவது தடவை போய்க் கேக்கறது ரொம்பக் கஷ்டம். பராமரிப்பு யாருன்னு முதல்லயே எழுத்துல வாங்குங்க, எங்க பார்க்ல லைட்டு கரண்ட் பில் நகராட்சி, செடிக்குத் தண்ணி விடறது சங்கம்னு பிரிச்சிருக்கோம், ஊஞ்சல் உடைஞ்சா யாருன்னு எழுதல, இப்ப அதுக்கு இழுபறி. தண்ணி கனெக்ஷன் எஸ்டிமேட்லயே சேர்க்கணும், அப்புறம் கேட்டா தனி மனு தனி பணம்.

கிராமத்துல இருக்கறவங்களுக்கு கிராம சபை இருக்கு, இப்ப வருஷத்துக்கு ஆறு. நகரத்துல இருக்கறவங்களுக்கு அப்படி ஒண்ணு ரொம்ப நாளா இல்ல, 2022 நவம்பர் 1-ல தான் முதல் தடவையா ஏரியா சபை நடந்துச்சு, தாம்பரம் மாநகராட்சி பம்மல்ல அப்ப முதலமைச்சரா இருந்த ஸ்டாலினே வந்து உக்காந்தார். நம்ம வார்டுல எப்ப நடக்குதுன்னு பலருக்குத் தெரியறதில்ல, கேட்டுத் தெரிஞ்சுக்கணும். லைன் வீட்டுக்காரங்களை அங்க கூட்டிட்டுப் போகணும்னா சாயங்காலமோ ஞாயித்துக்கிழமையோ வைக்கச் சொல்லிக் கேக்கணும், வேலை நாள் காலைல பதினோரு மணிக்கு வச்சா அவங்க ஒரு நாள் கூலியை விட்டுட்டுத்தான் வரணும்.

சாக்கடை மனு இப்ப எஸ்டிமேட் கட்டத்துல இருக்கு. எங்க சங்கத்துல பேசி, தண்ணி எங்க மூலைலயும்தானே தேங்குதுன்னு, பங்குல பாதியை லேஅவுட் பக்கம் இருந்து போடறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம், பூட்டு போடணும்னு சொன்னவரே இதுக்கு முதல் ஆளா பேர் கொடுத்தார். மீதிப் பாதிக்கு உழைப்பை ஏத்துக்கணும்னு குடிமராமத்து விதியைக் காட்டி, கொத்தனார் அண்ணன் கையெழுத்தையே முதல்ல போட்டு, நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் தனி மனு அனுப்பியிருக்கோம். பதில் இன்னும் வரல. அடுத்த ஏரியா சபையில இதைத் தீர்மானமாவே கொண்டு வர்றதுக்கு லைன் வீட்டுப் பக்கம் அண்ணனும் எங்க பக்கம் டீச்சரம்மாவும் கையெழுத்து வாங்கிட்டு இருக்காங்க.